கங்காணி காதுக்கு எட்டாத பாட்டு

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன்களில் ‘சிலோன் பாட்டு’ பாடுகிறவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்தால், தயங்காமல் ஒரு வீட்டைக் கைகாட்டுகிறார்கள். அப்படிக் காட்டிய வீடொன்றின் வாசலில் போய் உட்கார்ந்தேன். பாட்டிக்கு எண்பதை நெருங்கும் வயது. பிறந்தது இலங்கையில், டிக்கோயா அருகே ஒரு தோட்டத்தில். “பாட்டு எங்க போயிரப்போவுது? மொதல்ல தேத்தண்ணியக் குடிங்க தம்பி” என்று டம்ளரை நீட்டினார்.

இவர்களெல்லாம் இந்த மலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலங்கைத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீ அப்படி உருவானதுதான். பாட்டி அங்கே பேர் பதிந்து, ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தவர்.

அவர் முதலில் பாடியது ஒரு நையாண்டி. கொழுந்தின் எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடும் மேற்பார்வையாளரான கங்காணியின் மீசையையும் குடையையும் சேர்த்து வாருகிற பாட்டு. யார் கட்டியது என்று கேட்டேன். “எல்லாருந்தான்” என்றார். விடாமல் கேட்டதும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பதினேழு வயதில் அவரே கட்டியது.

எப்படிக் கட்டுவது என்பதையும் காட்டினார். மெட்டு பழைய தெம்மாங்கு. முதலடி ஊருக்கே பொது. மலையையோ மழையையோ கொழுந்தையோ சொல்லித் தொடங்கும். அதை எடுத்துக்கொடுத்தால் போதும், பக்கத்து நிரைகளில் நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாமடிதான் கட்டுகிறவளின் சொந்தச் சரக்கு. குத்தல் முழுக்க அதில்தான் இருக்கும். அங்கே இருந்தபோது அந்த அடியில் டிக்கோயா வந்தது. இங்கே வந்தபின் கோத்தகிரியைப் போட்டிருக்கிறார். டிக்கோயாவில் கடைசி இரண்டு எழுத்தும் நெடில், கோத்தகிரியில் குறில். தாளம் இடறுமே என்றால், ‘கோத்தகிரீ’ என்று கடைசியை இழுத்துவிடுகிறார். இடறவில்லை.

“கங்காணி வந்துட்டா?”

“சாமி பாட்டாயிரும்.”

பாடியே காட்டினார். அதே மெட்டு, அதே முதலடி. இரண்டாமடியில் கங்காணி இருந்த இடத்தில் மாரியம்மன் வந்து உட்கார்ந்தாள். மூச்சு விடும் இடம்கூட மாறவில்லை. நாலு நிரை தள்ளிக் குடையோடு வருகிறவருக்குப் பக்திப் பாட்டுத்தான் கேட்டிருக்கும்.

நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் கிடையாது, அது கூட்டுப் படைப்பு என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். தோட்டத்துக் கணக்கு வேறு. பாட்டுக்கு ஆள் இருந்தது. ஆளைச் சொன்னால் வேலை போய்விடும். கங்காணி தோட்டத் துரையிடம் போட்டுக் கொடுத்தால், வேலைநீக்கப் பற்றுச்சீட்டைக் கையில் திணித்துக் குடும்பத்தையே வெளியேற்றலாம். வேலை போனால் குடியிருக்கும் லைன் காம்பிராவும் போனது. ஆகவே எந்தப் பாட்டும் எல்லாருடைய பாட்டாகவே இருந்தது. பெயர் மறந்துபோகவில்லை, மறைத்து வைக்கப்பட்டது.

துணிந்து பெயர் போட்டவரும் ஒருவர் உண்டு: மீனாட்சி அம்மாள். தஞ்சையிலிருந்து போய் இலங்கை மலையகத்தில் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி. தொழிலாளர் கூட்டங்களில் பாட்டுப் பாடியே பிரச்சாரம் செய்தார். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகத்தைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். அந்தத் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் விடியற்காலை போய் நிற்கவேண்டிய பெண்ணுக்கு அந்த வசதி இல்லை.

அந்தப் பெண்களின் பாட்டுகளைத் தேடித் தொகுத்தவர்களில் முக்கியமானவர் சி.வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர். அவருடைய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வந்தது. அவரே கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை என்பதுதான் சுவாரசியம். அவர் காதுக்கு இந்தப் பாட்டுகள் எந்த வழியாக வந்து சேர்ந்தன என்று யோசித்துப் பார்க்கலாம்.

நீலகிரிப் பக்கம் வந்துவிட்ட பாட்டுகளுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. இதே மலையில் தோடர் பழங்குடிகளின் பாட்டுகளுக்கு மொழியியலாளர் எமனோ கிடைத்தார். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்து சேகரித்தவற்றை 1971இல் ஆக்ஸ்ஃபோர்டு வழியாகப் பெரும் நூலாகக் கொண்டுவந்தார். லைன் வீட்டுப் பாட்டுகளைத் தேடி யாரும் அவ்வளவு மெனக்கெடவில்லை.

பாடும் இடமும் சுருங்கிவிட்டது. இரண்டு கையாலும் கிள்ளிய காலத்தில் வாய் சும்மா இருந்தது. பிறகு கத்தரி வந்தது, இப்போது இயந்திரமும் வருகிறது. “அந்த இரைச்சல்ல பக்கத்துல நிக்கிறவ பேசறதே கேக்காது, பாட்டு எங்க கேக்கும்?” என்றார், மாலை வேலை முடிந்து வந்த மருமகள். மாசி மாதத்துக் காமன் கூத்தும் சாவு வீட்டு ஒப்பாரியும் சில இடங்களில் மிச்சமிருக்கின்றன. நையாண்டிக்குத்தான் இடமில்லை, அது வேலைக்காட்டிலேயே பிறந்து அங்கேயே புழங்கியது.

கிளம்பும்போது, பாட்டோடு அவர் பெயரையும் குறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். இங்கே இனி யாருக்குப் பயப்பட வேண்டும் என்பது என் கணக்கு. பாட்டி எதிர் வரிசையில் ஒரு வீட்டைக் காட்டினார்.

“அந்தக் கங்காணி பேரன் வீடு அதுதான். ரேஷன் அரிசிய அவந்தான் எனக்குத் தூக்கிட்டு வர்றான். எம்பேரும் வேணாம், அவுக தாத்தா பேரும் வேணாம். பாட்ட மட்டும் எழுதிக்கங்க தம்பி.”

அப்படியே எழுதிக்கொண்டேன். இரண்டாமடியில் பெயர் வரும் இடத்தில் மாரியம்மனைப் போட்டிருக்கிறேன்.