ஜானகி அம்மாளின் விடுதி நாள்கள்

சிங்கப்பூர் ஜாலான் புசாரின் பக்கத்துத் தெருக்களின் பெயர்களை ஒரு மூச்சில் சொல்லிப் பாருங்கள். கிச்சனர், பெட்டேன், ஃபோஷ், அலன்பி, மோட், டவுன்ஷெண்ட், ஜெலிக்கோ, பீட்டி, ஸ்டர்டி. முதல் உலகப் போரின் தளபதிகளும் கடற்படைத் தலைவர்களும் இங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 1920களில் சதுப்பை மேடாக்கித் தெரு போட்டவர்களுக்குப் போரின் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை போலிருக்கிறது. பெட்டேன் பிற்பாடு ஹிட்லரோடு ஒத்துப்போய்த் தேசத்துரோகத் தண்டனை வாங்கினார். தெரு மட்டும் அவர் பெயரிலேயே இருக்கிறது. வண்ண ஓடு பதித்த அதன் கடைவீடுகளைப் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அந்தக் கதை தேவைப்படுவதில்லை.

இந்தத் தெருக்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் புளோக்கில் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மிஷிகன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது கேட்டாள்: “டீச்சர், அந்தக் காலத்துல நம்ம பக்கத்துப் பொண்ணுங்க யாராச்சும் அங்க போய்ப் படிச்சிருக்காங்களா?” பணி ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் கேள்வி கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு. பதில் மாதக்கணக்கில் நீளும். விக்டோரியா ஸ்திரீட் நூலகம் எனக்கு நடை தூரம்தான்.

முதலில் தட்டுப்பட்டது எதிர்த்திசைப் பயணம். 1887இல் சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் தமிழ்ப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். முதல் நாள் மாணவிகள் ஒன்பது பேர், தமிழ் வணிகர்களின் மகள்கள். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் வேர் அதுதான். பின்னால் நின்றது அமெரிக்க மத்திய மேற்கில் மினசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸ் நகரத்துப் பெண்கள் நடத்திய மிஷன் சங்கக் கிளை. பனி கொட்டும் ஊரின் பெண்கள் சேர்த்த பணம் ரோச்சோர் கால்வாய்ப் பக்கத்துத் தமிழ்ச் சிறுமிகளுக்கு எழுத்தறிவித்திருக்கிறது. அந்த ஒன்பது பேர் வகுப்பில் எப்படி இருந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று எங்கும் இல்லை. கொடுத்தவர் பெயர் நிற்கும், படித்தவர் எண்ணிக்கையாக நிற்பார். இந்தத் தேடலில் எங்கு போனாலும் இதே கதைதான்.

எண்ணிக்கையாகக் கரையாமல் தப்பியவர் எடவலத் கக்கட் ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். அப்பா கிருஷ்ணன் அங்கே சப் ஜட்ஜ், திவான் பகதூர் பட்டம் பெற்றவர். இரண்டு மனைவியருக்குமாகப் பத்தொன்பது பிள்ளைகள், ஜானகி பத்தாவது. தாய்மொழி மலையாளம் என்றாலும் படிப்பும் வேலையும் அவரைச் சென்னைக்காரராக்கின. கடற்கரையில் 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் ஆனர்ஸ், பிறகு பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியர். மாமன் மகனோடு திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் மிஷிகன் உதவித்தொகை வந்தது என்பது அவர் குடும்பத்தில் சொல்லிவரும் செய்தி. எதைத் தேர்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1924இல் கப்பல் ஏறினார்.

அந்த உதவித்தொகைக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. லெவி பார்பர் டெட்ராய்ட் வழக்கறிஞர், பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் இருந்தவர். கிழக்காசியாவில் பயணம் செய்தபோது, மிஷிகனில் 1896இல் மருத்துவம் முடித்துத் திரும்பிய இரண்டு சீனப் பெண் மருத்துவர்களின் சாதனை அவரைப் பிடித்துக்கொண்டது. மேரி ஸ்டோன், ஐடா கான் என்று மேற்கில் அறியப்பட்ட ஷி மெய்யூவும் காங் செங்கும்தான் அவர்கள். ஆசியப் பெண்கள் வந்து படித்து, திரும்பிப் போய்ச் சொந்த நாட்டுக்கு உழைக்கட்டும் என்று 1917இல் அறக்கட்டளை வைத்தார். ‘திரும்பிப் போய்’ என்பதை நான் இரண்டு முறை படித்தேன். 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்தது. 1924இன் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவை மூடி, மாணவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் ஒரு சந்து விட்டது. ஜானகி அம்மாள் நுழைந்தது அந்தச் சந்து வழியாகத்தான். பார்பரின் தாராளத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது எந்தக் காலத்தில், எந்த அளவு இடத்துக்குள் இயங்கிய தாராளம் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அவரை நிறுத்தி வைத்தார்கள். பட்டுச் சேலையும் நீண்ட கருங்கூந்தலும் பார்த்து, இந்திய அரசகுமாரியோ என்று கேட்டார்களாம், இவரும் மறுக்கவில்லையாம். அவரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள், எனக்கும் பிடித்திருக்கிறது. அதிகாரியின் தப்பான கணக்கைத் திருத்தாமல் விட்டுவிட்டு உள்ளே போய்விட்ட சாமர்த்தியம் அது. ஆனால் இந்தக் கதை கிடைத்ததும் பலருக்குத் தேடல் முடிந்துவிடுகிறது. அடுத்த வரியிலேயே பட்டம் வாங்கிவிடுகிறார். இடையில் இருந்த குளிரும் விடுதியும் நுண்ணோக்கியும் எங்கே?

விடுதி இன்றும் இருக்கிறது. மார்த்தா குக் கட்டடம், 1915இல் திறந்தது. நியூயார்க்கில் பெரிய வழக்கறிஞராயிருந்த பழைய மாணவர் வில்லியம் குக் தன் அம்மாவின் பெயரில் கட்டிக் கொடுத்தது. பெண்கள் மட்டும் தங்கும் இடம். செங்கல்லில் பழைய ஆங்கிலேய மாளிகைபோல எழுப்பியிருக்கிறார்கள். வாசலுக்கு மேலே ஷேக்ஸ்பியரின் போர்ஷியாவின் சிலை. ஆண் வேடம் போட்டு நீதிமன்றம் ஏறி வழக்கை வென்றவளைப் பெண்கள் விடுதியின் வாசலில் நிறுத்தியது வழக்கறிஞரின் குறும்போ என்னவோ. உள்ளே நீண்ட நடைக்கூடத்தின் கோடியில் வீனஸ் சிலையின் நகல். வெள்ளிக்கிழமைதோறும் தேநீர் விருந்து என்பது அந்த வீட்டின் நெடுநாள் வழக்கம். மெல்லிய பீங்கான் கோப்பையும் சீமாட்டி நடத்தையும் பழக்குகிற இடம். சென்னைக் கல்லூரிகளில் ஆங்கிலேய முதல்வர்களின் கண்காணிப்பில் வளர்ந்தவருக்கு இது புதிதாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். பகலெல்லாம் செடியின் மொட்டைக் கீறி மகரந்தத் தாய்ச்செல்களைச் சாயத்தில் நனைத்துக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிய விரல்கள் மாலையில் அந்தக் கோப்பையைப் பிடித்திருக்கும். அதைத்தான் என்னால் விடாமல் கற்பனை செய்ய முடிகிறது.

வெளியே நிலைமை அவ்வளவு நாகரிகமாக இல்லை. மிஷிகன் 1817இல் தொடங்கிய பல்கலைக்கழகம். முதல் மாணவி மேடலன் ஸ்டாக்வெல் உள்ளே வர 1870 ஆயிற்று. 1919இல் திறந்த மாணவர் சங்கக் கட்டடமான மிஷிகன் யூனியனில் பெண்களுக்கு முன்வாசல் கிடையாது. பக்கவாசலால்தான் வர வேண்டும். அந்த விதி 1950களின் நடுப்பகுதிவரை நீடித்தது. அரசகுமாரி என்று சொல்லிக்கொண்டாலும் பக்கவாசல்தான்.

அவருடைய பேராசிரியர் ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட். இவரைப் படித்தபோதுதான் என் நாற்காலி கொஞ்சம் முன்னே நகர்ந்தது. மாலைமலர்ச் செடிகளின் மரபியலில் பெயர் பெற்றவர், தாவரவியல் துறைத் தலைவர், பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தின் இயக்குநர். அவர் 1918இலும் 1927இலும் சுமத்ராவில் செடி சேகரித்தவர், படாக் மக்களின் வாழ்வையும் ஆராய்ந்தவர். முதல் தடவை போனது ஓர் அமெரிக்க ரப்பர் நிறுவனத்தின் வேலைக்காக. தமிழ்த் தொழிலாளர் பால் வெட்டிய ரப்பர் தோட்டங்கள் நம்மைச் சுற்றி விரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள். பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரின் பனியில் உட்கார்ந்திருந்த தென்னிந்திய மாணவிக்கு, வாழையும் பலாவும் எப்படி வளரும் என்று நேரில் கண்ட ஆசிரியர் வாய்த்திருக்கிறார். இருவரும் அதைப் பற்றிப் பேசாமலா இருந்திருப்பார்கள்!

முதலில் முதுகலைப் பட்டம். சென்னைக்குத் திரும்பி அதே கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு பார்பர் ஆய்வுநிதியோடு மறுபடி ஆன் ஆர்பர். 1931இல் அறிவியல் முனைவர் பட்டம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட செடி நிக்காண்ட்ரா, பெரு நாட்டுக்காரி. கத்தரி, தக்காளி, சுண்டை, தூதுவளை எல்லாம் சேர்ந்த குடும்பம்தான். நீலப்பூ, காகிதப் பைக்குள் இருப்பதுபோல் காய். அதன் குரோமோசோம்கள் பற்றிய ஆய்வு 1932இல் அச்சானது. அவருடைய மாணவப் பருவத்தை அறிய நம்மிடம் உள்ள மிக நம்பகமான சாட்சி இந்த ஆய்வுதான் என்பது என் கட்சி. உதவித்தொகைப் பதிவு எவ்வளவு கொடுத்தார்கள் என்று சொல்லும். விடுதி எங்கே தூங்கினார் என்று சொல்லும். எதைப் பார்க்கக் கண் பழகியது என்பதைச் செடி மட்டும்தான் சொல்கிறது.

பழகிய கண் சும்மா இருக்கவில்லை. 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்குப் போய்க் கரும்பைப் பல புல்லினங்களோடு கலந்தார். மக்காச்சோளத்தோடு கலந்த சேதி 1938இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஆண்களே நிரம்பிய இடத்தில் தனியாக வாழ்ந்த, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணுக்குக் கோவை எளிதாக இருக்கவில்லை. லண்டனுக்குப் போனார். குண்டு விழுந்த ஆண்டுகளில் அங்கேயே இருந்து, குரோமோசோம் ஆய்வாளர் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்டவணை நூலை 1945இல் கொண்டுவந்தார். அந்த நூலைத்தான் எல்லாரும் குறிப்பிடுகிறார்கள். அதே ஆண்டு இருவரும் சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரை இருக்கிறது. அது நிக்காண்ட்ராவைப் பற்றியது!

ஆய்வேடு முடிந்து பதினான்கு ஆண்டு கழித்து, கடல் கடந்து, போருக்கு நடுவே, மாணவியாக எடுத்த அதே செடி. ஒரே காயிலிருந்து இரண்டு வகை விதைகள் வருவதை அதில் விளக்கினார்கள். இருபது குரோமோசோம் கொண்டவை சீக்கிரம் முளைக்கும். பத்தொன்பதே உள்ளவை மண்ணில் காத்துக் கிடந்து தாமதமாக முளைக்கும். முதல் முளைப்பு வெயிலிலோ பனியிலோ அழிந்தாலும் செடிக்கு இன்னொரு வாய்ப்பு கையில் இருக்கிறது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, அவள் படிக்கப்போவது கணினி என்றாலும், “அப்போ அந்த ஒரு குரோமோசோம் குறையறது பிழை இல்லையா, டீச்சர்?” என்று கேட்டாள். அரசகுமாரிக் கதைக்கு அவள் சிரித்ததோடு சரி.

1956இல் மிஷிகன் பல்கலைக்கழகம் தன் பழைய மாணவியை அழைத்துக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. கொடுத்தது சட்டத்தில். தாவரங்களோடு வாழ்ந்தவருக்குச் சட்டமா என்று கேட்கத் தோன்றும். அறிவியலில் கொடுக்க வேண்டியதை அவர் 1931லேயே நுண்ணோக்கி வைத்து உழைத்துச் சம்பாதித்துக்கொண்டு போயிருந்தார்.