அம்மா திகனையிலேயே இருக்கட்டும்

பேராதனை,
13.12.2020

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது.  

உன் குரல்பதிவைக் கேட்டேன். அம்மாவை உடனே கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நீயே வான் பிடித்து வந்து ஏற்றிக்கொண்டு போவாய் என்று அழுகிறாய். போன் எடுத்தால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். ஆறுதலாக உட்கார்ந்து வாசி.

உனக்கு வந்த செய்திகளில் பாதி யூடியூப்காரர்கள் சொன்னது. நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன். ஓகஸ்ட் 29, சனிக்கிழமை இரவு எட்டரை மணியளவில் முதல் அதிர்வு. அம்மா அப்போதுதான் சாப்பிட்டு முடித்துக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். "யாரோ தரைக்கு அடியில பெரிய பெட்டிய இழுத்த மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு சத்தம். தட்டு ராக்கையில எவர்சில்வர் எல்லாம் கலகலன்னு ஆடிருச்சு" என்றார். சில விநாடிதான். திகனை, ஹாரகம, அனுரகம, மயிலப்பிட்டிய பக்கமெல்லாம் சனம் வீட்டை விட்டு ரோட்டுக்கு ஓடி வந்திருக்கிறது. செப்டெம்பர் 2 காலை ஏழு மணிபோல இன்னொன்று. பிறகு ஓய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, தீபாவளி முடிந்த கையோடு நவம்பர் 18 காலை ஒன்பதரைக்கு மறுபடி. இதை ரிக்டர் அளவில் 2 என்று பதிந்திருக்கிறார்கள். கடைசியாக இந்த டிசம்பர் 5, விடிவதற்கு முன். நான் பேராதனையில் நல்ல தூக்கம், ஒன்றும் உணரவில்லை. இங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற திகனையில் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து விடியும்வரை கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த முதல் இரவைப் பற்றி அம்மா சொன்ன ஒன்றை உனக்கும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் கலவரத்தில் அதே ரோட்டில் கடைகள் எரிந்தபோது ஒவ்வொரு வீடும் கதவைப் பூட்டி விளக்கை அணைத்துக்கொண்டு இருந்ததே, நினைவிருக்கும். இந்த முறை முன்வீட்டுச் சிங்களக் குடும்பம், பக்கத்து முஸ்லிம் வீட்டார், அம்மா, எல்லோரும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார்கள். முன்வீட்டு ஐயா நாற்காலி கொண்டுவந்து அம்மாவை உட்கார வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து இஞ்சி போட்ட பிளேன்டீ வந்திருக்கிறது. பத்தரை மணிவரை யாரும் உள்ளே போகவில்லை. அம்மா அங்கே தனியாகக் கிடக்கிறார் என்று நீ நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் என்ன என்று அந்த ரோட்டிலேயே ஆளுக்கொன்று சொன்னார்கள். கற்குவாரி வெடி என்றார்கள் முதலில். திகனைப் பக்கம் டொலமைட், சுண்ணாம்புக்கல் உடைக்கிற இடங்கள் இருப்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் மத்தியானம் வெடிச்சத்தம் கேட்டு ஜன்னல் அதிரும். ஆனால் சனிக்கிழமை இரவு எட்டரைக்கும் விடியற்காலையிலும் யார் வெடி வைக்கிறார்கள்? அடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல் படை நகர்ந்தோ உள்ளிறங்கியோ இருக்கலாம் என்ற பேச்சும் வந்தது. சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைக்கும், உள்ளே பொந்து விழும், அது உண்மை. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியலாளர்களும் ஆராய்கிறார்கள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிற விஷயத்துக்கு யூடியூப்பில் ஒருவன் முடிவு சொல்லிவிட்டான் என்று நீ பயப்படாதே.

நீ அதிகம் பயப்படுவது விக்டோரியா அணைக்கு. கொய்னா கதையை யாரோ உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது நான் வகுப்பில் படிப்பிக்கிற விஷயம், மறைக்கமாட்டேன். மகாராஷ்டிரத்தில் கொய்னா அணைக்குப் பின்னால் 1962இல் தண்ணீர் கட்டத் தொடங்கிய பிறகு சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தன. 1967 டிசம்பர் 11 விடியற்காலை பெரியது வந்தது, அளவு 6க்கு மேல். ஏறத்தாழ 180 பேர் செத்துப்போனார்கள். தேக்கிய தண்ணீரின் பாரமும், பாறை வெடிப்புகளுக்குள் அது புகுந்து ஏற்படுத்துகிற அழுத்தமும் நிலத்தை அசைக்கும் என்று உலகம் ஒத்துக்கொண்டதற்குக் கொய்னா ஒரு பெரிய காரணம். ஆகவே நம் சனம் அணையைக் கைகாட்டிக் கேட்பது மூடத்தனம் இல்லை. கேட்கவேண்டிய கேள்விதான்.

ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. கொய்னாவின் நீர்த்தேக்கம் விக்டோரியாவைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு தண்ணீர் கொள்ளும். அங்கே தண்ணீர் ஏறிய கையோடு அதிர்வு தொடங்கியது. நம்முடையது 122 மீட்டர் உயர வளைவணை, 1985 ஏப்ரலில் தாட்சர் அம்மையார் வந்திருந்தபோது திறந்தது. அப்பா வேலைத்தலத்து ஸ்டோரில் இருந்தபடியால் நம்மையும் கூட்டிப்போய்க் காட்டினார், உனக்கு அப்போது நடக்கத்தான் தெரியும். பழைய தெல்தெனிய பஸார் தண்ணீருக்குள் போனதை அம்மா இன்றைக்கும் சொல்வார். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் தண்ணீர் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. அம்மா அதே வீட்டில்தான் இருந்திருக்கிறார், இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை. அணைக்குப் பாதிப்பில்லை என்று மகாவலி அதிகாரசபை சொல்லியிருக்கிறது. அந்தச் சொல்லை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சொன்னதோடு நிற்காமல் அந்தப் பக்கம் இன்னும் நிறையப் பதிவுக் கருவி வைத்து, அளந்ததை ஊருக்குக் காட்டவேண்டும் என்றும் நினைக்கிறேன்.

இப்போது அளவைப் பற்றி. உன் பயத்தின் வேர் எங்கே என்று எனக்குத் தெரியும், தங்கச்சி. 2004 டிசம்பர் 26 சுனாமி உன் கண்முன் நடந்தது. நாவலடியில் நீ யார் யாரை இழந்தாய் என்று நான் எழுத மாட்டேன். பூமி ஆடியது என்ற சொல் காதில் விழுந்தாலே உனக்கு அந்தக் காலைதான் வரும். அன்று சுமாத்ராவுக்குப் பக்கத்தில் வந்தது 9.1. இங்கே வந்தது 2. ரிக்டர் அளவில் ஒன்று கூடினால் வெளிவருகிற சக்தி முப்பத்திரண்டு மடங்கு கூடும். ஏழு படியைப் பெருக்கிப் பார்த்தால் அன்றைய சக்தி இதைவிடப் பல ஆயிரம் கோடி மடங்கு. அளவு 2 என்றால் பெரும்பாலும் மனிதருக்குத் தெரியவே தெரியாது. நம் ஊரில் சத்தத்தோடு தெரிந்ததற்குக் காரணம் அது ஆழமில்லாமல், வீட்டுக்குக் கிட்டவே வந்ததுதான். இலங்கையில் பூமி அதிராது என்றும் நான் சொல்லவில்லை. 1615 ஏப்ரலில் கொழும்பில் பெரிய அதிர்வு வந்து இருநூறு வீடுவரை இடிந்ததாகப் போர்த்துக்கேயர் காலத்துக் குறிப்பு இருக்கிறது. நம்முடையது தட்டின் விளிம்பில் இல்லாத, மிகப் பழைய பாறை நாடு. பெரிய அதிர்வு அரிது, இல்லவே இல்லை என்றில்லை.

இன்னொன்று சொல்கிறேன், இதை நினைத்து நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன். அம்மா வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில், பல்லேகலையில், உலகளாவிய வலையமைப்பைச் சேர்ந்த நில அதிர்வுப் பதிவு நிலையம் ஒன்று இருக்கிறது. சுனாமிக்கு முன்பிருந்தே இருக்கிறது. சுமாத்ரா ஆடியது அங்கே பதிவானது. அலை கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் கல்லடிக்கு ஒரு சொல் வந்து சேரவில்லை. கருவிக்குத் தெரிந்தது கரையில் இருந்த உங்களுக்குத் தெரியவில்லை. இன்று ஹக்மனவிலும் மகாகனதராவவிலும் கூட நிலையங்கள் இருக்கின்றன. அவையெல்லாம் பதிவது நல்லதுதான். பதிந்தது சனத்துக்கு அவர்கள் பாஷையில் வந்து சேரவேண்டும், அதைத்தான் நான் கேட்கிறேன். அதிர்வைப் பற்றி அம்மாவின் பகுதியில் ஒரு கூட்டம் நடந்தது. பேசியதெல்லாம் சிங்களத்தில். அம்மாவுக்குச் சமாளிக்கத் தெரியும். மேலே தோட்டத்து லயனிலிருந்து வந்த சனம் தலையாட்டிவிட்டுப் போனது.

அந்தச் சனத்தின் பயம் வேறு, சுவர் வெடிப்பைப் பற்றியது. மலையகத்தில் சுவரில் வெடிப்பு என்றால் நாம் முதலில் நினைப்பது மண்சரிவை. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையை யார் மறப்பார்கள்? லயனோடு சனம் புதைந்துபோனது. முன்பே எச்சரித்திருந்த இடம் அது. அதனால் அவர்கள் கேட்பது நியாயம்: இந்த வெடிப்பு அதிர்வால் வந்ததா, மலை இறங்குவதால் வந்ததா? மலை இறங்குகிறதென்றால் சுவரோடு தரையிலும் முற்றத்திலும் வெடிப்பு ஓடும், மரமும் லைட் கம்பமும் சாயும், புதிதாக ஊற்றுக் கிளம்பும், ஊற்றுத் தண்ணீர் கலங்கும். அப்படியென்றால் அதே நாளில் கிளம்பிவிட வேண்டும், ஒருவரையும் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் சிலர் அந்தத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

நம் வீட்டுக்கு வருகிறேன். முன்னறை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரையை நோக்கி ஒரு மயிரிழை வெடிப்பு. நவம்பரில் போய் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சீமெந்து வைத்து ஒட்டினேன், சுவர் விலகினால் கண்ணாடி உடையும். டிசம்பர் 5க்குப் பிறகு போய்ப் பார்த்தேன். வெடிப்பு பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறியிருக்கிறது. கண்ணாடி உடையவில்லை. தரையில் ஒன்றுமில்லை, முற்றத்தில் ஒன்றுமில்லை, கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. மேசன்பாஸைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அப்பா கட்டிய காலத்தில் ஜன்னலுக்கு மேல் கொங்கிரீட் பீம் போடவில்லை, வெறும் பலகைதான், அதனால்தான் மூலை விடுகிறது, வீட்டைச் சுற்றி ஒரு பீம் ஓட்டிவிட்டால் பயமில்லை என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

அம்மாவையும் கேட்டேன். எழுபத்தெட்டு வயதில் அவர் பதிலை நாம் தள்ளிவிட்டு நடக்கக்கூடாது. "பூமி ஆடினா முற்றத்துக்கு வந்து நிக்கிறேன். கடல் வந்தா நான் எங்க ஓடுறது?" என்றார். உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, கடலுக்கு அவர் பயப்படுவது உன்னால்தான், உனக்காகத்தான் ஒவ்வொரு டிசம்பரும் விளக்கு வைக்கிறார். அந்த வீட்டையும் அந்த அயலையும் விட்டு அவர் வரமாட்டார். நானும் கூப்பிட மாட்டேன். கட்டிலைச் சுவரோரத்திலிருந்து தள்ளிப் போட்டாயிற்று. தட்டு ராக்கையை ஆணி அடித்து இறுக்கியாயிற்று. தலைமாட்டில் டோர்ச்சும் செருப்பும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு மகனிடம் ஒரு சாவி இருக்கிறது.

அம்மா ஒரு கலண்டரில் அதிர்வு வந்த நாள், நேரம், எத்தனை விநாடி, சத்தம் முன்னா பின்னா என்று குறித்து வைக்கிறார். ரோட்டில் மற்ற வீட்டாரும் அப்படிச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து, மூன்று பாஷையிலும் எழுதி, கிராம சேவகர் ஊடாகப் பணியகத்துக்கு அனுப்பப் போகிறோம். ஆங்கிலப் பிரதியை உன் மகள் டைப் பண்ணித் தருவாளா என்று கேள்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். இன்றைக்கு இரவே அம்மாவுக்குப் போன் எடு, அழாமல் பேசு. பீம் வேலை தைப்பொங்கல் முடிந்ததும் தொடங்கும், உன் பங்குக் காசை ஜனவரி 10க்கு முன் என் கணக்குக்குப் போட்டுவிடு.

அன்புடன்,
உன் அக்கா