ஆறு நொடிக்கு என்ன விலை?

"அண்ணா, இதுக்கு ஆக்‌ஷன் போகுமா?"

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டத்தை நடத்துகிறவர்களின் காதில் அதிகம் விழும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அதுவரை சத்திரக்காரனிடம் நயமாகப் பேசி வதந்தி சேகரித்துக்கொண்டிருந்த ஆள், சண்டை மூண்டதும் கணக்குப்பிள்ளையாகி விடுவார். இந்த ஆட்டத்தைப் பிடிக்காதவர்கள் கதை செத்துப்போகும் இடம் என்று இதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கதாபாத்திரம் துணிச்சல்காரனா, சுயநலக்காரனா, கூட்டாளிக்காக அடிவாங்குகிறவனா என்பது சத்திரத்துப் பேச்சில் தெரியாது. கையில் ஒரே ஒரு ஆக்‌ஷன் இருக்கும்போது அதை எதில் செலவழிக்கிறான் என்பதில் தெரிந்துவிடும்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஏற்பாடு இது. ஒரு ரவுண்ட் என்பது ஆட்ட உலகில் சுமார் ஆறு நொடி. இருபது முகப் பகடையை உருட்டி, யாருக்குப் பின் யார் என்று வரிசை போட்டுக்கொள்கிறோம். தன் முறை வந்தவர் தன் வேகத்துக்குள், மனிதர் என்றால் 30 அடி, நகரலாம். வெட்டுவது, மந்திரம் சொல்வது மாதிரி ஒரு ஆக்‌ஷன் செய்யலாம். வாளை உருவுவது, கதவைத் திறப்பது மாதிரி ஒரு சில்லறை வேலை இலவசம். போனஸ் ஆக்‌ஷன் எல்லோருக்கும் கிடைப்பதல்ல; ஏதாவது ஒரு திறனோ மந்திரமோ தந்தால்தான் உண்டு. புதிதாக வருகிறவர்கள் அதை வீணாக்கிவிட்டதாக நினைத்துத் தவிப்பார்கள். இல்லாத பணத்தைத் தொலைக்க முடியாது என்று நான் சமாதானம் சொல்வேன்.

விலையை மாற்றினால் வீரம் மாறும் என்பதற்கு நல்ல சான்று, காயம் ஆற்றும் இரண்டு மந்திரங்கள். 'க்யூர் வூண்ட்ஸ்' ஒரு ஆக்‌ஷன் கேட்கும், ஆளைத் தொட வேண்டும், எட்டு முகப் பகடை. 'ஹீலிங் வேர்ட்' போனஸ் ஆக்‌ஷன்தான், 60 அடி தள்ளி நின்றே சொல்லலாம். ஆனால் பகடை நான்கு முகம். காகிதத்தில் பார்த்தால் முதலாவதுதான் கெட்டி மருந்து. மேசையில் பார்த்தால் எல்லோர் வாயிலும் இரண்டாவதுதான். காரணம் எளிது. உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்குப் போய் விழுந்து கிடப்பவன் ஒரே ஒரு புள்ளி பெற்றாலும் எழுந்துவிடுவான். அடுத்த முறையில் முழு ஆக்‌ஷனும் அவன் கையில். அரை நகர்வு எழுந்து நிற்பதற்குப் போகும், அவ்வளவுதான். ஒரு போனஸ் ஆக்‌ஷனைக் கொடுத்து இன்னொருவரின் முழு முறையையே வாங்கிவிடுகிறோம். இதன் விளைவு சற்று விகாரமானது: நின்று போராடுகிறவனுக்கு மருந்து கிடைக்காது, விழுந்தால்தான் கிடைக்கும். மருத்துவர் வேடம் எடுத்தவர் கல்நெஞ்சக்காரர் என்பதால் அல்ல, விலைப்பட்டியல் அப்படி.

மருந்துக் குப்பியின் கதையும் இதேதான். 2014 விதிப்படி அதைக் குடிக்க ஒரு ஆக்‌ஷன். கிடைப்பது சராசரியாக ஏழு புள்ளி. அதற்குப் பதில் எதிரியை ஒரு வெட்டு வெட்டலாமே என்று யாரும் குடிக்க மாட்டார்கள்; சாகசம் முடியும்போது பையில் குப்பிகள் அப்படியே இருக்கும். பல மேசைகளில் தாங்களாகவே அதைப் போனஸ் ஆக்‌ஷனாக்கிக்கொண்டார்கள். 2024 திருத்தப் பதிப்பு அதையே விதியாக்கியது.

பழைய பதிப்புகளில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு ரவுண்ட் ஒரு முழு நிமிடம். நீங்கள் உருட்டும் ஒரு பகடை, அந்த நிமிடத்தின் வீச்சுகளுக்கும் தடுப்புகளுக்கும் எல்லாம் சேர்த்து. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ஆறு நொடிக்கு இறங்கியது. அதில் ஒரு வினோதம்: பலமுறை வெட்டக் கற்ற மூத்த போர்வீரன், அத்தனை வெட்டையும் வெட்ட வேண்டுமானால் ஐந்தடிக்கு மேல் அசையக் கூடாது. ஆகவே பெரிய வீரர்கள் எல்லாம் நட்ட கம்பம்போல் நின்று மாறிமாறி வெட்டிக்கொண்டார்கள். ஐந்தாம் பதிப்பு ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே நடக்கலாம் என்றது. இந்த ஒரு வரிக்காகவே நான் அந்தப் பதிப்பை மன்னிப்பேன். மன்னிக்க அதில் நிறைய இருக்கிறது.

இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு (2019) ஆக்‌ஷன், போனஸ், நகர்வு என்ற பாகுபாட்டையே கலைத்துவிட்டு, ஒரு முறைக்கு மூன்று ஆக்‌ஷன் என்று கையில் கொடுத்துவிட்டது. நடப்பது ஒன்று, வெட்டுவது ஒன்று, கேடயத்தை உயர்த்துவது ஒன்று. பெரும்பாலான மந்திரங்கள் இரண்டு. மூன்று முறையும் வெட்டலாமே என்றால், பகடையில் விழும் எண்ணில் இரண்டாவது வெட்டுக்கு ஐந்தும் மூன்றாவதுக்குப் பத்தும் கழியும். அந்த மூன்றாவது வெட்டு பெரும்பாலும் காற்றில்தான் போகும். அதனால் மனம் தானாகவே வேறு வழி தேடும்: பின்வாங்கலாமா, எதிரியை மிரட்டலாமா, கேடயத்துக்குப் பின் ஒதுங்கலாமா? விதி எதையும் தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் விலையேற்றி வைத்து மற்றவற்றின் பக்கம் கண்ணைத் திருப்புகிறது. இதைவிட நேர்த்தியான வடிவமைப்பை நான் இந்த வகை ஆட்டங்களில் பார்த்ததில்லை.

தனி ஒரு டிராகனை ஐந்து பேர் சூழ்ந்தால் என்ன ஆகும்? அது ஒருமுறை செயல்படுவதற்குள் இவர்கள் ஐந்துமுறை செயல்பட்டுவிடுவார்கள். எவ்வளவு பெரிய மிருகமானாலும் இந்த எண்ணிக்கையில் தோற்கும். அதற்காகத்தான் ஐந்தாம் பதிப்பின் பெரிய டிராகன்களுக்கு மூன்று லெஜண்டரி ஆக்‌ஷன்கள். பிறர் முறை முடியும் தறுவாயில் ஒவ்வொன்றாக வாலைச் சுழற்றலாம், சிறகடிக்கலாம். நான் அதோடு நாலு கோப்ளின்களையும் இறக்கிவிடுவேன். அவை அற்பப் பிராணிகள், ஆனால் போனஸ் ஆக்‌ஷனில் நழுவவும் ஒளியவும் தெரிந்தவை. அவற்றைத் துரத்துவதிலேயே இரண்டு பேரின் முறை போய்விடும்.

ரியாக்‌ஷன் என்ற, பிறர் முறையில் செய்யும் எதிர்ச்செயலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஐந்து பேர் மேசையில் தன் முறை வரக் கால் மணி நேரம்கூட ஆகும். கை தானாகக் கைபேசியைத் தேடும். ரியாக்‌ஷன் வைத்திருப்பவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தன்னைவிட்டு எதிரி விலகினால் ஒரு வெட்டு, அம்பு பாயும் கணத்தில் 'ஷீல்ட்' மந்திரத்தால் தற்காப்பில் ஐந்து கூடுதல். ரவுண்டுக்கு ஒன்றுதான் என்பதால் இப்போதா, பொறுக்கலாமா என்ற குறுகுறுப்பு வேறு. எதிரி வரட்டும் என்று 'ரெடி' சொல்லிக் காத்திருந்து செயல்படுவதற்கும், அந்த முறையின் ஆக்‌ஷனோடு இதுவும் செலவாகும். அப்படிக் காத்திருந்து வெட்டினால் கூடுதல் வெட்டு கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

புத்தகத்தில் இல்லாத செயல்களுக்கு விலை வைப்பதுதான் நடத்துகிறவரின் வேலையில் எனக்குப் பிடித்தது. ஒருவர் சரவிளக்கைப் பிடித்துத் தொங்கித் தாவி, அப்படியே வெட்ட வேண்டும் என்கிறார். தாவலுக்கு ஒரு ஆக்‌ஷன் கேட்டால் வெட்டு போய்விடும்; அவர் மட்டுமல்ல, அந்த மேசையில் இனி எவரும் சரவிளக்கை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். நான் நகர்வில் கழித்துக்கொள்வேன். கனமான மேசையைப் புரட்டிப்போட்டு மறைவு தேடினால், அந்த இலவசச் சில்லறை வேலையில் சேர்த்துவிடுவேன். பின்னால் ஒதுங்குபவருக்குத் தற்காப்பில் இரண்டு கூடுதல். அது ஆக்‌ஷன்தான் என்று விதிநூலைப் புரட்டுகிறவர் ஒருவர் எங்கள் கூட்டத்திலும் உண்டு. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மேசை புரளும்.