ஏறாத பியர்

எங்கட பொடியளுக்கு பியர் பற்றி இருக்கிற ஒரே கேள்வி, "ஏறுமோ?" என்பதுதான். ரின்னைத் தூக்கினால் கண் முதலில் போவது வீதத்துக்கு. 8.8 என்று போட்டிருந்தால் சாமான் நல்லது. 4.8 என்றால், "உதை ஆர் குடிக்கிறது, தண்ணி." ருசியைப் பற்றி ஒருவரும் கதைத்து நான் கேட்டதில்லை. மூச்சைப் பிடித்து இறக்கிவிட்டு, மிக்சரை அள்ளி வாயில் போட்டு அந்த ருசியை அடக்குவதுதான் வழக்கம்.

நான் இருபத்தாறு வயது வரைக்கும் குடித்ததில்லை. கொள்கை கிள்கை ஒண்டுமில்லை, அப்பாதான் காரணம். வேலையால் வந்ததும் கிணத்தடியில் நின்றபடியே கால் போத்தல் சாராயத்தை நாலைந்து மிடறில் முடித்துவிடுவார். அடிக்கிற ஆளில்லை, கத்துகிற ஆளுமில்லை. ஆனால் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவரோடு ஒரு கதையும் கதைக்கேலாது. ரியூஷன் காசு கேட்பதென்றால்கூட அவர் கிணத்தடிக்குப் போக முதல் கேட்கவேண்டும். குடித்தால் நானும் அப்படித்தான் ஆகிவிடுவேன் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

மூன்று வருசத்துக்கு முதல் படிக்கவென்று இங்கிலாந்துக்குப் போனேன். பேர்மிங்ஹாமுக்கு மேற்கே, பிளாக் கன்ட்ரி என்று சொல்லுகிற பக்கம். முந்தி நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்புப் பட்டறைகளுமாக இருந்த இடம். பகுதிநேரமாக ஒரு களஞ்சியத்தில் வேலை. என்னோடு பெட்டி அடுக்கிய வயதான வெள்ளைக்காரர் ஒருவர், ஒரு வெள்ளி பின்னேரம் பப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நான் குடிக்கிறேல்லை" என்றேன். "அப்ப மைல்ட் குடி" என்றார்.

வந்தது பிளேன்ரீயைவிடக் கறுப்பான ஒரு பியர். ஒரு பைன்ட், அதாவது 568 மில்லிலீற்றர். 3.5 வீதம். ஐஸ் குளிரில்லை, கிணத்துத் தண்ணிக் குளிர். முதல் மிடறில் கருகின பாண் கரை மாதிரி, பிறகு மெல்லிய பனங்கட்டி இனிப்பு, கடைசியில் கொஞ்சமாய்க் கசப்பு. பக்கத்து மேசையில் கிழவர்கள் டொமினோ விளையாடினார்கள். எங்களுக்கு சீஸும் வெங்காயமும் வைத்த பணிஸ். இரண்டரை மணித்தியாலம் இருந்தோம், இரண்டு பைன்ட். எழும்பேக்குள்ள அவர் மகளின் பெயர், அவருடைய முழங்கால் ஒப்பரேஷன், நான் ஊரில் விட்டுவிட்டு வந்த நாய், எல்லாம் கதைத்து முடிந்திருந்தது. அடுத்த நாள் எல்லாம் ஞாபகமும் இருந்தது.

பிறகு கணக்குப் பார்த்தேன். இரண்டு பைன்ட் மைல்டில் இருப்பது 40 மில்லிலீற்றர் மதுசாரம். எங்கட 8.8 ஸ்ட்ரோங் ஒரு 500 மில்லி ரின்னில் 44. நாங்கள் இருபது நிமிசத்தில் 'அடிக்கிற' ஒரு ரின்னைவிடக் குறைவு.

இப்படியானவற்றை 'செஷன் பியர்' என்கிறார்கள். ஒரே இருப்பில் இரண்டு மூன்று குடித்தாலும் கதை குழம்பாத பியர். இங்கிலாந்தில் பொதுவாக 4 வீதத்துக்குள் இருக்கும். மதுசாரம் குறைந்தால் ருசியும் போய்விடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. முளைவிட்ட பார்லியைச் சுடுதண்ணியில் ஊறவைக்கிற நேரம் வெப்பத்தை 68, 69 பாகைக்கு ஏற்றினால், மதுவம் தின்னேலாத சீனி கூட மிஞ்சும். அது மதுசாரமாக மாறாமல் நின்று, வாய்க்கு ஒரு தடிப்பைக் கொடுக்கும். நிறமும் மணமும் வறுத்த பார்லியால் வரும். ஐஸ் குளிரும் ஸ்ட்ரோங்கும் மறைக்கிற பிழைகளை இந்தப் பியரில் மறைக்கேலாது. அதனால் காய்ச்சுகிறவருக்கு வேலை கூட.

அங்கேயும் இது முழுக்கத் தானாய் வந்த பழக்கமில்லை. உலைக்கு முன்னால் வேர்த்துவிட்டு வருகிறவர்களுக்கு நிறையக் குடிக்கக்கூடிய லேசான பியர் தேவைப்பட்டது. முதலாம் உலகப்போரில் அரசாங்கம் பப்புகளின் நேரத்தைக் குறைத்தது. 1915இல் பல இடங்களில் ஆளுக்காள் வாங்கிக் கொடுப்பதைக்கூடத் தடைசெய்தது. தானியத் தட்டுப்பாட்டில் பியர் இன்னும் இளகியது. போர் முடிந்த பிறகும் பழைய வீரியத்துக்கு அது முழுக்கத் திரும்பவில்லை.

இதை ஒருநாள் போனில் அப்பாவுக்குச் சொன்னேன். பேசுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உது எங்கட கள்ளு மாதிரியெல்லோ" என்றார். சின்ன வயதில் தாத்தாவோடு தவறணைக்குப் போனதாம். காலமை இறக்கினது இனிக்குமாம், பின்னேரமானால் புளிக்குமாம். பிளாவில் ஊத்தி வைத்துக்கொண்டு பொழுதுபட மட்டும் ஊர்க்கதை கதைப்பார்களாம். "பிறகு ஆறு மணிக்கு மேல வெளியில நிக்கேலாத காலம் வந்திட்டுது தம்பி. கெதியா குடிச்சுப்போட்டுப் படுக்கப் பழகிட்டன்."

கிணத்தடிக்கு இப்படியொரு காரணம் இருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அங்கே போர் பியரை இளக்கிவிட்டது. எங்கட போர் அப்பாவைத் தவறணையால் எழுப்பிக் கிணத்தடியில் நிற்க வைத்துவிட்டது. அவர் செய்தது சரியென்று இதால் ஆகாது. அம்மாவிடம் கேட்டால் வேறு கதை சொல்லுவா.

செஷன் பியரைப் புனிதமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஒரு குளிர்காலத்தில், தனியாக, ஐந்தாவது பைன்ட்டில் இருந்திருக்கிறேன். ஐந்து பைன்ட் என்றால் ஏறக்குறைய 10 யூனிற். அங்கத்தைய வைத்தியர்கள் ஒரு கிழமைக்கே 14க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். இளகின பியரும் எண்ணாமல் குடித்தால் சாராயக் கணக்குக்குப் போய்விடும். அதுக்குப் பிறகு ஆளில்லாத மேசையில் குடிப்பதை விட்டுவிட்டேன்.

போன சித்திரையில் ஊருக்குப் போனேன். ஈரல் பிழையென்று டொக்டர் சொன்னபிறகு அப்பா குடிப்பதில்லை. சித்தப்பா இரண்டு போத்தல் கொண்டுவந்தார். ஒன்று கள்ளு, மற்றது முட்டிக்குச் சுண்ணாம்பு பூசி இறக்கின, புளிக்காத கருப்பணி. அப்பா கருப்பணியை எடுத்துக்கொண்டு கதிரையை மாமரத்துக்குக் கீழே இழுத்துப் போட்டார். "நீ கள்ளைக் குடி, எனக்குப் பிரச்சினையில்லை" என்றார். நானும் கருப்பணியையே ஊத்திக்கொண்டேன். பொழுதுபட்டு, நுளம்பு கடிக்கத் தொடங்கியும் இரண்டு பேரும் எழும்பவில்லை.

"உன்ர வெள்ளைக்காரக் கிழவற்றை முழங்கால் இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.