பீடித்தட்டும் படக்கதையும்

ராத்திரி பார்த்த படத்தை மறுநாள் காலையில் பேசித் தீர்த்தால்தான் எங்கள் ஊரில் அந்தப் படம் முடிந்ததாகக் கணக்கு. ஆலங்குளத்துக்குப் பக்கத்துக் கிராமம். பேசுகிற இடம் பெரியம்மை வீட்டுத் திண்ணை. ஐந்தாறு பெண்கள் சுவரோடு சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு பீடித்தட்டு மடியில் இருக்கும். நனைத்த இலையைக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கிப் போடுகிற கை தன்பாட்டுக்கு ஓடும். வாய் சினிமாவில் இருக்கும். சுற்றி முடித்த பீடியை 25 எண்ணிக் கட்டுப் போடுவது என் வேலை. பேச்சு சூடாகும்போது எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

டூரிங் டாக்கீஸ் ஊருக்கு வெளியே, குளத்தங்கரைப் பாதையில் இருந்தது. கொட்டகைக்குள் பகல் வெளிச்சம் வந்துவிடும் என்பதால் முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் இரண்டுமே இருட்டிய பிறகுதான். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டால் ஊரே நடையை எட்டிப் போடும். தரை டிக்கெட் வாங்கி, மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்துகொள்ளலாம். பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு தட்டி. இருந்தது ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை விழும். முறுக்கும் கலரும் வருவதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும். இவன் இப்படிச் செய்யலாமா, அவள் இனி என்ன செய்வாள் என்று அடுத்த ரீலுக்குள் ஆளுக்கொரு முடிவு கட்டியிருப்பார்கள். ஒரு படத்தை நிறுத்தி, நிதானித்து யோசிக்கும் பழக்கத்தை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்த ஒற்றை மெஷின்தான் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

படங்கள் பட்டணத்தில் ஓடி முடிந்து வெகுநாள் கழித்தே எங்களிடம் வரும். ‘முள்ளும் மலரும்’ வெளியானது 1978இல். எங்கள் கொட்டகைக்குப் பெட்டி வந்து சேர்ந்தபோது வள்ளியாக நடித்த ஷோபா உயிரோடு இல்லை. 1980 மே மாதம் அவர் இறந்தபோது வயது 17தான். ‘பசி’ படத்துக்குத் தேசிய விருது வாங்கிய பெண். திரையில் அந்த முகம் முதன்முதலாகத் தெரிந்ததுமே பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கதையில் துக்கம் வருவதற்கு வெகு நேரம் முன்னாலேயே அழுதார்கள்.

மறுநாள் திண்ணையில் பெரியம்மை கதை சொன்னாள். கைக்குழந்தைக்காரி, வீட்டில் விடாதவள், டிக்கெட்டுக்குக் காசில்லாதவள் என்று படத்துக்குப் போகாதவர்கள் சிலர் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்காக முதல் காட்சியிலிருந்து வரும் அந்தக் கதை. வின்ச் ஓட்டுகிற காளியின் திமிர், புதிதாக வந்த இன்ஜினியர்மேல் அவனுக்குள்ள கோபம், லாரி ஏறிக் கை போவது எல்லாம் வரிசையாக வந்தன. கை போன அண்ணனை வள்ளி பார்க்கும் இடத்தில் பெரியம்மையின் கை நின்றுவிட்டது. சுற்றிக்கொண்டிருந்த பீடி பிரிந்து, தூள் தட்டில் கொட்டியது. பிறகு வள்ளி பேசினாள், எவ்வளவோ பேசினாள். “ஒனக்கு நான் இருக்கேன்ணே, ஒன் வலது கை நான்தானே” என்று பெரியம்மை சொல்லச் சொல்ல எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

வளர்ந்த பிறகு தொலைக்காட்சியில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தபோது, அந்தப் பேச்சு எதையும் காணோம். ‘தங்கப்பதக்கம்’ படத்துக்கு அவ்வளவு வசனம் எழுதிய மகேந்திரன், தானே இயக்கிய முதல் படத்தில் வசனத்தைக் கூடிய மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு, முகங்களையும் பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவையும் இளையராஜாவின் இசையையும் நம்பி எடுத்திருந்தார். அவர் சொல்லாமல் விட்ட இடத்தை ஒரு பீடித்தட்டுக்காரி தன் சொற்களால் நிரப்பியிருக்கிறாள். ஒரு இயக்குநருக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன கிடைத்துவிட முடியும்?

அந்தப் படத்தின் முடிவைப் பற்றி அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அந்த இன்ஜினியரக் கடைசி வரைக்கும் அவனுக்குப் பிடிக்கவே இல்ல, பாத்தியாட்டி? பிடிக்கலன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லுதான். ஆனாலும் தங்கச்சியக் குடுக்கான். மனசு மாறி திருந்திட்டான்னு காட்டியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்.” அந்தப் படத்தைப் பற்றிப் பின்னாளில் எத்தனையோ கட்டுரைகள் வாசித்துவிட்டேன். இவ்வளவு சுருக்கமாக அதன் உயிரைத் தொட்ட இன்னொரு வாக்கியம் கண்ணில் படவில்லை.

‘அந்த 7 நாட்கள்’ வந்தபோது திண்ணை இரண்டாகப் பிரிந்தது. காதலித்த மாதவனோடு வசந்தி போயிருக்க வேண்டும் என்று சின்ன வயசுக்காரிகள்; தாலி கட்டின டாக்டரோடு இருந்ததுதான் முறை என்று மூத்தவர்கள். பாக்யராஜின் மலையாளத் தமிழைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள், முடிவுக்கு வந்ததும் ஒருத்தியை ஒருத்தி பேசவிடவில்லை. எந்தப் பக்கமும் சேராமல் மூலையில் இலை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா, “அந்த ரெண்டு ஆம்பளையளும் எம்புட்டு நேரம் பேசுதாவ! வாழப்போறவ எத்தன வார்த்த பேசுனா?” என்றாள். கத்தரிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அவளுக்கு அந்த வருஷம்தான், கேட்காமல் கொள்ளாமல், நிச்சயம் பண்ணியிருந்தார்கள். எனக்கு அப்போது அது புரியவில்லை.

பாட்டைப் பற்றி நீளமாகப் பேசமாட்டார்கள், பாடிவிடுவார்கள். சண்டைக் காட்சிக்குத் திண்ணையில் இடமே கிடையாது, ஒரே வரியில் தாண்டிவிடுவாள் பெரியம்மை. படம் எப்படி என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. அவன் செய்தது சரியா, அவள் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்றுதான் கேள்வி வரும். இப்போது முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர் முன் மைக்கை நீட்டுகிறார்கள். அவரும் முதல் பாதி இழுவை, இரண்டாம் பாதி பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவரிடம் போய், அந்தக் கதையில் வந்த மனுஷி செய்தது நியாயமா என்று ஒரு கேள்வி கேட்கமாட்டார்களா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஏக்கமாக இருக்கும்.

திண்ணையில் நடந்த ஆகப் பெரிய சண்டை ‘முதல் மரியாதை’க்குத்தான். 1985இல் வந்த படம். சிவாஜிக்காக உருகாதவர் இல்லை. அவர் மனைவி பொன்னாத்தாளாக வந்த வடிவுக்கரசியை ஆளாளுக்கு மண்ணை வாரித் தூற்றினார்கள். வேறொருவனால் கர்ப்பமாக இருந்தவளை, மாமனின் மானத்தைக் காப்பாற்றக் கட்டிக்கொண்ட மனுஷனை இந்தப் பாடு படுத்தலாமா என்று எல்லோருக்கும் கோபம். பெரியம்மை எல்லாரையும் பேசவிட்டாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்: “ஒன்ன மன்னிச்சு வச்சிருக்கேன்னு ஒருத்தன் ஆயுசு முழுக்க எதுத்தாப்புல உக்காந்திருந்தா, எவளுக்குட்டி வாய் நீளாது? அவ தெனமும் அந்த மூஞ்சியில தன் தப்பத்தானே பாக்கா?”

ஆச்சிக்கு வந்ததே கோபம். சிவாஜி ரசிகை அவள். ‘பராசக்தி’ வந்த 1952இலிருந்து அவர் படம் ஒன்றையும் விட்டதில்லை என்பாள். “அந்த மனுசன் அழுதாம்லா, அத நீ பாக்கலியா?” என்று தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். பெரியம்மை பார்த்தேன் என்றாள். தானும் அழுததாகச் சொன்னாள். அழுதாலும் பொன்னாத்தா பக்கம் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது என்று விடாமல் சொன்னாள். ஆச்சி ஒத்துக்கொள்ளவே இல்லை. பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கப் போகும் வழியெல்லாம் இரண்டு பேரும் இதையே பேசிக்கொண்டு போனார்கள். பீடிக்கட்டுகள் அடங்கிய பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் விட்டுவிடக் கூடாதென்று, நான் அவர்களை ஒட்டி ஓட்டமும் நடையுமாகப் போனேன்.