அண்டா வராத வாசல்

2011 என்றாலே முதலில் ஞாபகத்துக்கு வருவது வெள்ளம்தான். நவம்பர் ராத்திரியில் எங்கள் திருப்பூரில் ஜம்மனை ஓடை பொங்கி, கரையோர வீடுகளை இழுத்துக்கொண்டு போனது. உயிர்களும் போயின. விடிந்ததும் யார் யாரோ அண்டா அண்டாவாகத் தக்காளி சோறு கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் செக்கிங் டேபிளில் ஒதுக்கி வைத்திருந்த பனியன்களை, ஊசி ஓட்டை விழுந்தது, பிரிண்ட் விலகியது என்று பார்க்காமல் மூட்டை கட்டி அனுப்பினோம்.

அந்த ஊர்தான், அதே வருஷம் ஜனவரியில் வேறு மாதிரி இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தப்பான உத்தரவு என்று நான் சொல்லமாட்டேன். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்க் குட்டையாகி, நொய்யல் கரைக் காடுகள் உப்பேறி, விவசாயிகள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். அவர்கள் பட்ட அடி முந்தியது. மழையில் ஒரே நாளில் விழுந்த அடியல்ல என்பதால் அங்கேயும் யாரும் அண்டா தூக்கிப் போனதில்லை.

எங்கள் வளவில் சாய மாஸ்டர் அண்ணன் ஒருவர். பட்டறை மூடிய பிறகு வாசல் திண்ணையிலேயே கிடந்தார். நகக்கண்ணில் நீலம் மாசக்கணக்கில் போகவில்லை. போவோர் வருவோரெல்லாம், "வேற வேலை பாக்க வேண்டியதுதானுங்களே" என்பார்கள். வீடு போனவனைக் கட்டிப் பிடித்து அழுத ஜனம், பிழைப்பு போனவனுக்குப் புத்தி சொன்னது.

அடிபட்டவர் எழுந்துவிட்டாலோ புத்தி புகழாக மாறும். அமெரிக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கால்ஹவுனும் 1996-இல், பேரடிக்குப் பிறகு மனிதரிடம் வரும் வளர்ச்சியை அளக்க 21 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். உறவில் நெருக்கம், புது வழி, தன் பலம் தெரிவது என்றெல்லாம் அதில் உண்டு. வளர்ச்சி வந்தால் வலி போய்விடும் என்று அவர்கள் சொல்லவில்லை. நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் அந்தப் பாதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

உடுமலை கௌசல்யாவை அப்படித்தான் சுருக்கினோம். 2016 மார்ச் 13, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பட்டப்பகலில், சாதி மாறி மணந்த கணவர் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். இவருக்கும் தலையில் வெட்டு. பிழைத்தார், பறை கற்றார், பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார், ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்டு ஊர் ஊராகப் பேசினார். 2017-இல் தூக்குத் தண்டனை பெற்ற தந்தையை 2020-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. ‘சிங்கப்பெண்' என்று போஸ்டர் போடுவது சுலபம். வெட்டியது வெள்ளமில்லை, சொந்த ரத்தம் அனுப்பிய ஆள் என்று அவர் நம்புகிறபோது, அந்த வலியை எந்தக் கேள்வித்தாளில் அளப்பது?

சாய மாஸ்டர் அண்ணன் பிறகு ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தார். சாயத்தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கிற வேலை. வேலை போனவன் யாராக இருந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பக்கத்தில் உட்காருவார், புத்தி சொல்லமாட்டார். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, "இப்பத்தான் மகராசனா இருக்கீங்களேண்ணா" என்றேன்.

"இருக்கறங் கண்ணு. டிவில கோர்ட்டுன்னு வந்தா மட்டும் இன்னும் கை நடுங்குது, அன்னிக்கு ராத்திரி தூக்கமில்ல" என்றார்.