காலை ஊன்ற வைத்த கோயில்

தாராசுரத்தில் மழை நனைத்த கல்படியில் என் வலது கணுக்கால் பிசகியது. கும்பகோணத்தில் எக்ஸ்-ரே பார்த்த டாக்டர், "எலும்புக்கு ஒண்ணுமில்ல, ஜவ்வுதான் லேசா இழுத்திருக்கு" என்று க்ரேப் பேண்டேஜ் சுற்றிவிட்டார். ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன், தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்தேன். வீக்கம் வடிந்தது, வலியும் போனது. ஆனால் அந்தக் காலை நம்பி ஊன்ற மட்டும் துணிவு வரவில்லை. படியைக் கண்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சீர்காழியில் இருக்கும் அத்தை இதைக் கவனித்துவிட்டார். "டாக்டர் பார்த்தாச்சுல்ல? இனி வைத்தியநாதன் பார்க்கட்டும், கிளம்பும்மா" என்றார். சீர்காழியிலிருந்து வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான்.

மருத்துவத்தோடு சண்டை போடாத கோயில் அது. சிவனே அங்கே வைத்தியர். தையல்நாயகி அவருக்குத் துணையாகத் தைலப் பாத்திரத்தோடு வந்தவள் என்கிறது தலபுராணம். தன்வந்திரிக்கும் சந்நிதி உண்டு, தலமரம் வேம்பு. ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே வரிசையில் நிற்கிறார்கள் ஜனங்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கோயில் கடையில் தட்டு நிறையக் காணிக்கை உருக்கள்: கண், காது, கை, வயிறு, முழு ஆள். அத்தை ஒரு கால் உருவைப் பொறுக்கி எடுத்தார். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. மெல்லிய வெள்ளித் தகட்டில் ஐந்து விரலும் ஐந்து புள்ளியாக எழும்பியிருந்தன. ஓரம் சுரசுரவென்று இருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது, வீட்டில் எல்லோரும் 'சாதாரணச் சுளுக்கு' என்று ஒதுக்கிய என் காலை இந்த ஊர் பெரிதாக மதித்து விசாரிப்பதாகத் தோன்றி, கண் கலங்கிவிட்டது.

சித்தாமிர்தக் குளத்துப் படியில் நின்றுவிட்டேன். கீழ்ப்படிகள் ஈரம். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், உடம்பெல்லாம் சிரங்கோடு இருந்த மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, குளத்தில் கரைக்க வெல்லம் கொண்டுவந்திருந்தார். தோல் நோய்க்கு அங்கே அப்படி வேண்டிக்கொள்வது வழக்கம். என் நடையைப் பார்த்தாரோ என்னவோ, இன்னொரு கையை நீட்டினார். "புடிச்சுக்கங்கக்கா, நானும் மெதுவாத்தான் இறங்குவேன்." அவர் கையில் வெல்லத்தின் பிசுபிசுப்பு. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, தண்ணீர்வரை போய்விட்டோம். நான் என் காலை நினைக்கவில்லை, அவர் இடுப்பில் இருந்த பிள்ளை வழுக்கிவிடக் கூடாதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சடாயு குண்டம். ராவணன் சிறகை வெட்டிய சடாயுவுக்கு ராமன் இங்கேதான் ஈமக்கடன் செய்தான் என்பது நம்பிக்கை. சம்பந்தர் இத்தலத்துப் பதிகத்தில் சடாயுவையும், சூரியனிடம் சிறகைப் பறிகொடுத்த அவன் அண்ணன் சம்பாதியையும் திரும்பத் திரும்பப் பாடுகிறார். காயம்பட்ட இரண்டு பறவைகள் பூசை செய்த இடம் என்ற நினைப்பே எனக்கு ஆறுதலாக இருந்தது. பிரசாதமாகக் கிடைத்த திருச்சாந்துருண்டையை வாயில் போட்டதும் சாம்பல் வாசனையோடு கரைந்தது.

சுளுக்கை ஆற்றியது ஓய்வும் ஒத்தடமும்தான். அடிபட்டால் முதலில் டாக்டரிடம் போங்கள் என்றே யாருக்கும் சொல்வேன். ஆனால் பயத்துக்குக் கட்டு ஏது? அதை இறக்கி வைக்க எனக்கு இந்த இடம் வேண்டியிருந்தது. சித்திரை மாத இரண்டாம் செவ்வாய்க்கு நகரத்தார் காரைக்குடிப் பக்கமிருந்து நடந்தே வருகிறார்கள், ஊன்றிவந்த கோலைக் கோயிலிலேயே காணிக்கையாகப் போட்டுவிடுகிறார்கள் என்று அத்தை சொன்னார். அவர்களைப் போல நானும் எதையோ அங்கே போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் காலை சீர்காழி சட்டைநாதர் கோயில். தோணியப்பரைப் பார்க்கப் படியேற வேண்டும், சட்டைநாதர் அதற்கும் மேலே. "கீழேயே உட்கார்ந்திருக்கியா?" என்றார் அத்தை. வேண்டாமென்று சொல்லி, அவருக்கு முன்னால் ஏறினேன்.